சாரதியின் சுகத்தை யார் விசாரிப்பது?

புகையிரதம் மோதி ஒருவர் உயிரிழந்தார் என்று பத்திரிகையில் செய்தி வரும்போது இறந்தவரின் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். பொலிஸார் விசாரணை நடத்துகிறார்கள் என்ற வரியோடு செய்தி முடியும். அந்த மரணத்தை நேருக்கு நேர் கண்ட ஒருவரைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அவர்தான் புகையிரதச் சாரதி.

கொடிகாமத்தில் இருக்கும் எங்களுக்கு இது தூரத்து விடயமல்ல. 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 24 ஆண்டுகளின் பின், 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. தென்மராட்சியின் எத்தனையோ ஒழுங்கைகளைத் தண்டவாளம் குறுக்கறுத்துச் செல்கிறது. எல்லாக் கடவைகளிலும் காப்பாளர் இல்லை. வடக்கின் கடவைகளில் பல உயிர்கள் போயிருக்கின்றன.

வேகமாக ஓடும் புகையிரதம் பிரேக் பிடித்த பிறகும் பல நூறு மீற்றர் ஓடித்தான் நிற்கும். பஸ்ஸைப் போல ஒரு பக்கம் திருப்பவும் முடியாது. சாரதி கோர்ன் அடிக்கலாம், பிரேக் பிடிக்கலாம். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. ஆனாலும், "நான்தான் கொன்றுவிட்டேனோ" என்ற எண்ணம் அவரை விடாது. நித்திரை வராது. அந்தக் காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வரும். சிறு சத்தத்துக்கும் உடல் அதிரும். பலருக்கு இது சில வாரங்களில் குறைந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் குறையாவிட்டால் வைத்தியரின் உதவி தேவை. சிகிச்சையால் குணப்படுத்தவும் முடியும்.

"இந்தத் தொழிலுக்கு வந்தால் இதெல்லாம் பழகிவிடும்" என்று சொல்பவர்கள் உண்டு. மரணத்தைப் பார்த்துப் பழகுவது ஒரு தகுதியா? நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிரைக் கையில் வைத்திருப்பவர் கலங்கிய மனதோடு வண்டி ஓட்டுவது பயணிகளுக்கும் ஆபத்துத்தான்.

முஃதா யுத்தத்தில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதானபோது, அவரது குடும்பத்தார் துயரத்தில் இருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மௌத்து வீட்டுக்குச் சோறு அனுப்பும் நம் வழக்கத்துக்கு அதுவே வழிகாட்டல். மனம் உடைந்தவரிடம் அன்றாட வேலையை எதிர்பார்க்கக் கூடாது என்ற பாடத்தையும் நான் அதில் காண்கிறேன். சாரதியும் அன்று ஒரு மரணத்தைச் சந்தித்தவர்தானே?

ஆகவே என் கருத்து இதுதான். உயிரிழப்பு நடந்தவுடன் சாரதியைக் கடமையிலிருந்து விடுவித்து, வேறொரு சாரதியை அனுப்ப வேண்டும். சம்பளம் வெட்டாமல் சில நாட்கள் ஓய்வு கொடுக்க வேண்டும். பிரித்தானியாவிலும் ஜெர்மனியிலும் இந்த நடைமுறை உண்டு. நம் நாட்டிலும் இதைக் கருணையாக அன்றி விதியாகவே எழுதிவைக்க வேண்டும். கடவைக் காப்பாளர், அம்புலன்ஸ் ஊழியர், முகமாலையில் மிதிவெடி அகற்றும் பெண்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

உதவுவதற்கும் முறை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், பாதிக்கப்பட்டவரை நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது. பக்கத்தில் இருப்பது, அவர் பேசினால் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது ஆகிய மூன்றும் போதும். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு ஊழியர்களைப் பயிற்றுவித்தாலே பெரிய உதவி.

வீட்டில் இப்படித் தொழில் செய்யும் வாப்பாவோ நானாவோ இருந்தால், அவர் பேசாமல் இருக்கும் நாளில் "என்ன நடந்தது?" என்று துருவிக் கேட்காமல் தேநீரை வைத்துவிட்டு அருகில் இருங்கள். தேவைப்பட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம் என்று சொல்லுங்கள். பயணிகளான நாமும், புகையிரதம் இடைவழியில் நின்றால் தாமதத்துக்காகச் சத்தம் போடாமலும் கைபேசியோடு படம்பிடிக்க ஓடாமலும் இருப்போம். முன்னால் இயந்திரப் பெட்டியில் ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டு இருக்கக்கூடும்.