விலைக்குத் தெரியாதது அங்கன்வாடி ஊழியருக்குத் தெரியும்

பொதுச் சேவைகளைத் தனியாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்போர் ஊழலையும் நட்டத்தையும் மட்டும் காரணமாகக் காட்டுவதில்லை. ஒரு தத்துவத்தையும் துணைக்கு அழைக்கின்றனர். அதன் ஊற்று, 1945இல் பிரெடரிக் ஹாயக் எழுதிய கட்டுரை. எங்கே எது தேவை, எங்கே எது மிகுதி என்ற விவரம் கோடிக்கணக்கான மனிதர்களிடம் சிதறிக் கிடக்கிறது. தலைநகரில் அமர்ந்திருக்கும் எந்தத் திட்டக் குழுவாலும் அதைத் திரட்ட இயலாது. விலையே அதைச் சுமந்து செல்லும் என்பது அவர் வாதம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின்போது 1955இல் பொருளியலாளர் பி.ஆர்.ஷெனாய் எழுதிய மறுப்புக் குறிப்பும், 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கிய இராஜாஜி ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா’ ஆட்சி என்று தொடுத்த தாக்குதலும் அதே அணியைச் சேர்ந்தவை. 2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் மோடி திட்டக் குழுவுக்கு விடை கொடுத்தபோது, அந்த அணியின் நெடுநாள் விருப்பம் நிறைவேறியது.

இந்த வாதத்தை வசைச் சொல்லால் கடந்துவிட முடியாது. அது எழுப்பும் கேள்வி உண்மையானது. அது தரும் விடைதான் தவறானது.

சந்தையிடம் விட்ட நாட்கள்

2021 மே 1 அன்று, பெருந்தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ‘தாராளமயமாக்கப்பட்ட’ தடுப்பூசிக் கொள்கையை ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தியது. உற்பத்தியில் பாதி ஒன்றிய அரசுக்கு. மீதிப் பாதி மாநிலங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும். ஒரே கோவிஷீல்டு ஊசிக்கு ஒன்றிய அரசு கொடுத்த விலை 150 ரூபாய். மாநிலங்களுக்கு 300, தனியாருக்கு 600. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிகளைக் கோரின. பஞ்சாபும் தில்லியும் அணுகிய வெளிநாட்டு நிறுவனங்களோ ஒன்றிய அரசுடன் மட்டுமே பேசுவோம் என்று கைவிரித்தன.

விலை தன் செய்தியைத் தெளிவாகவே சொன்னது: பணம் யாரிடம் உள்ளது என்று. ஆபத்து யாருக்கு அதிகம் என்பதை அது சொல்லவில்லை. 18 முதல் 44 வயதினருக்கான இக்கொள்கை முதல் நோக்கிலேயே தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று உச்ச நீதிமன்றம் சாடியது. ஜூன் 21 முதல் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசே வாங்கி இலவசமாக வழங்கும் முறைக்கு மாற நேர்ந்தது.

விரல்விட்டு எண்ணத்தக்க உற்பத்தியாளர்களே இருந்ததால் அது உண்மையான சந்தையே அல்ல என்று சந்தைவாதிகள் கூறலாம். மின்சாரமும் குடிநீரும் ரயிலும் அப்படிப்பட்டவைதானே! அங்கெல்லாம் தனியாரை அழைப்பவர்கள் அந்த ‘உண்மையான’ சந்தையை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

சுவரில் எழுதிய கணக்கு

சிதறிக் கிடக்கும் விவரத்தைத் திரட்ட விலையைத் தவிர வேறு வழி இல்லையா? போலியோ ஒழிப்பு இதற்கு விடை தந்தது. 2009இல் 741 போலியோ நோயாளிகளுடன் உலகிலேயே முதலிடத்தில் இந்தியா இருந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வீடு வீடாகச் சென்றவர்கள், சொட்டு மருந்து கிடைத்த வீட்டின் சுவரில் ‘பி’ என்றும், குழந்தை விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’ என்றும் எழுதி, ‘எக்ஸ்’ வீட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்றனர். செங்கற்சூளைகளிலும், ரயில் நிலையங்களிலும், கோசி ஆற்று வெள்ளப் பகுதிகளிலும் குழந்தைகளைத் தேடிப் பிடித்தனர். எந்தத் தெருவில் புதிதாகக் குழந்தை பிறந்தது, எந்தக் குடும்பம் வேலை தேடி வந்தது என்ற விவரம் அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களிடம் இருந்தது. அது நுண்திட்டமாக மேலே சென்றது. ஹௌராவில் 2011 ஜனவரி 13 அன்று கண்டறியப்பட்டதே கடைசி நோயாளி. சூளைத் தொழிலாளியின் குழந்தையிடம் வாங்கும் சக்தி இல்லை. ஆகவே அக்குழந்தை எந்த விலைப் பட்டியலிலும் தென்பட்டிருக்காது.

குறை எங்கே?

திட்டமிடலில் குறைகள் இல்லாமல் இல்லை. மேலிருந்து உத்தரவிடும் அதிகார வர்க்கமும், கீழிருந்து வரும் குரலைக் கேளாத கோப்புகளும் மக்கள் வெறுப்பைச் சம்பாதித்தன. அதற்கு மருந்து ஜனநாயகப்படுத்துதலே. 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் அளித்து, கிராம சபைகளில் தேவைகளை விவாதிக்கச் செய்தது.

ஆட்சியாளர்களோ எதிர்த்திசையில் சென்றனர். குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பிசிஜி ஆய்வகம் ஆகிய பொதுத்துறைத் தடுப்பூசி நிறுவனங்களின் உற்பத்தி உரிமம் 2008இல் நிறுத்தப்பட்டது. பின்னர் அது திரும்பக் கிடைத்தபோதும் இழந்த வலிமை எளிதில் மீளவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் செங்கல்பட்டு தடுப்பூசி வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்தது. பொதுத்துறையை முடமாக்கிவிட்டு, அது நடக்கவில்லை என்று குறை கூறுவது என்ன நியாயம்?

திட்டத்தின் கண்ணும் காதுமான அங்கன்வாடி, ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அவர்களுக்குக் கிடைப்பது இன்னும் மதிப்பூதியமே. அந்தப் பரிந்துரையை நிறைவேற்றக் கோரும் போராட்டம் ஒரு பிரிவினரின் ஊதியக் கோரிக்கை மட்டுமல்ல. மக்கள் தேவையை யார் அறிவது, யார் முடிவு செய்வது என்பதற்கான போராட்டமும் அதுவே.