காற்றாலை இறக்கையைப் பிரித்து மறுபடி பயன்படுத்த முடியுமா? தமிழ்நாட்டுக்கு இது ஏன் முக்கியம்?

புனேயின் ஏரவாடாவில் இருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஹடப்சரில் இருக்கிறது காற்றாலை நிறுவனமான சுஸ்லானின் தலைமையகம். அங்கிருந்து வெகு தொலைவில், நம் முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது: வயதான காற்றாலைகளைக் கழற்றினால், இறக்கைகளை எங்கே போடுவது?

ஒரு காற்றாலையின் ஆயுள் சுமார் 20 முதல் 25 ஆண்டுகள். தமிழ்நாட்டில் 1990-களில் நட்டவை பலவும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. பழையவற்றைப் புதுப்பிக்கும் கொள்கையை மாநில அரசு 2024-இல் வெளியிட்டது.

இறக்கையில் மட்டும் என்ன சிக்கல்?

கோபுரத்தின் இரும்புக்கும் உள்ளே இருக்கும் செம்புக்கும் பழைய இரும்புக் கடையில் விலை உண்டு. இறக்கை அப்படியில்லை. அது கண்ணாடி இழையும் எபாக்சி போன்ற பிசினும் சேர்ந்து இறுகியது. வெல்லத்தை மறுபடி பாகு காய்ச்சலாம். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? இந்தப் பிசினும் இட்லி மாதிரிதான். சூடாக்கினால் உருகாது, கருகும்.

தீர்வு என்ன?

பிணைப்பையே மாற்றுவதுதான். 2011-இல் பிரான்ஸ் விஞ்ஞானி லுத்விக் லைப்லர் குழு 'விட்ரிமர்' என்ற பொருளை அறிமுகம் செய்தது. ஓடும் பேருந்தில் அடுத்த கம்பியைப் பிடித்த பிறகுதானே கையில் இருப்பதை விடுவீர்கள்? சூடாகும்போது இதன் மூலக்கூறுகளும் அப்படித்தான் பிணைப்பை மாற்றிக்கொள்கின்றன. வலை அறுவதில்லை, ஆனால் வடிவம் மாறும்.

2024-இல் அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம், இதே குடும்பத்தைச் சேர்ந்த பிசினில் 9 மீட்டர் நீள மாதிரி இறக்கையைச் செய்தது. மெத்தனாலில் 225 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 6 மணி நேரம் வைத்தால், இழை தனியாக, பிசினின் மூலப்பொருள் தனியாகப் பிரிந்துவிடுகிறது.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

இல்லை. பிணைப்பு இடம் மாறும் என்றால், ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்கும்போது இறக்கை மெல்ல நெளியவும் வாய்ப்புண்டு. அதைத் தடுப்பதுதான் ஆய்வாளர்களின் சவால். விலையும் போட்டி போட வேண்டும்.

முக்கியமாக, இன்று கழற்றப்படும் இறக்கைகள் பழைய பிசினில் செய்தவை. அவற்றை நறுக்கி சிமென்ட் சூளையில் எரிக்கலாம், அல்லது புதைக்கலாம். புதிய பிசின் அவற்றைக் காப்பாற்றாது.

ஆனால், பழையவை இருந்த இடத்தில் நாளை நடப்போகும் காற்றாலைகள் 2050 வரை சுழலும். அவற்றின் இறக்கை எதனால் ஆனது என்று இப்போதே கேட்காவிட்டால், இதே கேள்வி அடுத்த தலைமுறையின் வாசலில் வந்து நிற்கும்.