பணம் கணக்குக்கு வரும்; படலையைத் திறப்பது யார்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் போர் பல பிள்ளைகளைப் புலம்பெயர வைத்தது. சிலரைக் காணாமல் ஆக்கியது. அவர்களின் பெற்றோர் பலர் இன்று எழுபதைக் கடந்து தனியே வாழ்கிறார்கள்.

2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டம் நிவாரணத்தை நேரடியாக வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்தது. முதியோர் கொடுப்பனவும் 2025இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. இவை நல்ல மாற்றங்களே. ஆனால் நான் பேசிய முதியவர்களில் பலருக்கு வங்கிக் குறுஞ்செய்தியையே வேறொருவர்தான் வாசித்துச் சொல்கிறார். கால் வீங்கியிருப்பதையோ, இரண்டு நாளாக அடுப்பு எரியாததையோ எந்தக் கணினியும் அறியாது.

இதற்குப் புதிய அமைப்புத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கிராம அலுவலர் பிரிவுகளில் முதியோர் சங்கங்களும் இருக்கின்றன. தனித்திருப்போரின் பட்டியலைச் சங்கம் வைத்திருக்கட்டும். ஊரிலுள்ள ஒருவர் வாரமொருமுறை அவர்களைப் போய்ப் பார்த்து, கிளினிக் திகதியையும் மருந்தையும் கவனித்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் அறிவிக்கட்டும்.

அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டும். இல்லையேல் அதுவும் அயல்வீட்டுப் பெண்ணின் தலையிலேயே விழும். கோயிலுக்கும் மைதானத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் புலம்பெயர் ஊர்ச்சங்கங்கள் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

ஒரு நிபந்தனை: பட்டியல் முகநூலுக்குப் போகக்கூடாது. முதியவரின் கண்ணீரை யூடியூப்பில் காட்டித் திரட்டும் உதவி, அவரின் மானத்தை விலையாகக் கேட்கிறது. பராமரிப்பு அவர்களின் உரிமை, பிச்சையல்ல.