ஃபகத் ஃபாசிலை ரசிப்பது என்றால் எதை ரசிப்பது?

மலையாளத் திரைப்படத்தில் மட்டாஞ்சேரி என்றால் வெகுகாலம் அடியாட்களின் ஊர் என்றே பொருள். கூலிப்படைக்கு மலையாளிகள் வழங்கும் ‘கொட்டேஷன்’ என்ற சொல்லோடு ஒட்டியே அவ்வூரின் பெயரும் திரையில் ஒலித்தது. 2007இல் வெளிவந்த ‘பிக் பி’ அந்தச் சித்திரத்தை மம்மூட்டியின் நிதானமான நடையால் மேலும் அழகுபடுத்தியது. ஆறு ஆண்டுகளுக்குப் பின் ராஜீவ் ரவி இயக்கிய ‘அன்னயும் ரசூலும்’ அதே தெருக்களில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரை உலவவிட்டது. ரசூல் அதிகம் பேசுவதில்லை. வைப்பினிலிருந்து படகேறி நகரத்துத் துணிக்கடைக்கு வேலைக்குச் செல்லும் அன்னாவைப் பார்க்கிறான், தொடர்கிறான், மீண்டும் பார்க்கிறான். அந்தப் பார்வையே படத்தின் பெரும்பகுதி.

ஒரு பெண்ணை நாள்தோறும் பின்தொடர்வது காதலா என்ற கேள்வி, படம் ஓடும்போது பெரும்பாலான பார்வையாளருக்கு எழுவதில்லை. எழவிடாமல் செய்வது ஃபகத் ஃபாசிலின் கண்கள். வேறொரு நடிகர் அதைச் செய்திருந்தால் அருவருப்பாகத் தோன்றியிருக்கக்கூடிய செயல், அவரிடம் ஏக்கமாக மாறிவிடுகிறது. ஒரு நடிகரின் வசீகரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

தமிழில் பன்முக நடிகர் என்றதும் நினைவுக்கு வருபவை ‘நவராத்திரி’யின் ஒன்பது வேடங்களும் ‘தசாவதார’த்தின் பத்து வேடங்களும். ஒப்பனை மாறும், குரல் மாறும், நடை மாறும். ஃபகத் ஃபாசில் அந்த மரபைச் சேர்ந்தவர் அல்லர். முன்தலை ஏறியதைக்கூட அவர் பெரும்பாலும் மறைப்பதில்லை. ‘மகேஷின்டெ பிரதிகாரம்’ படத்தில் அடிபட்ட அவமானத்தால் செருப்பணிய மறுக்கும் இடுக்கிப் புகைப்படக்காரருக்கும், ‘தொண்டிமுதலும் திருக்ஸாட்சியும்’ படத்தில் விழுங்கிய சங்கிலியோடு காவல் நிலையத்தில் அமர்ந்திருக்கும் திருடனுக்கும் ஏறத்தாழ ஒரே முகம்தான். அந்தத் திருடன் சங்கிலியோடு நிற்பதில்லை. புகார் கொடுத்தவனின் பெயரையே தன் பெயர் என்று சொல்லிவிடுகிறான். தேசிய விருது பெற்ற அந்த நடிப்பில் ஒப்பனைக்கு இடமே இல்லை. முகம் அப்படியே இருக்க, அதன் பொருள் மட்டும் மாறுகிறது.

இந்த ஆற்றலின் உச்சம் ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019). ஷம்மி கண்ணாடி முன் நின்று மீசையைத் திருத்துகிறான்; அதில் ஒட்டியிருக்கும் ஒரு பெண்ணின் ஸ்டிக்கர் பொட்டைப் பிளேடால் சுரண்டி எறிகிறான்; தன்னைத் தானே மெச்சிக்கொள்கிறான். ரசூலிடம் கண்ட அதே பார்வை, அதே பாதிப் புன்னகை. முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு அச்சம் வருகிறது. எந்த இடத்தில் சிரிப்பு அச்சமாயிற்று என்று பார்வையாளர் திரும்பிப் பார்க்க நேர்வதே ஷ்யாம் புஷ்கரனின் எழுத்துக்கும் இந்த நடிப்புக்கும் கிடைத்த வெற்றி. குடும்பத்தின் காவலனாகத் தன்னை நிறுத்திக்கொள்ளும் ஆண்மையைப் பற்றி ஆய்வரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகள் பல செய்யாத வேலை இது. ஆயினும் தன்னை நாயகன் என்று ஷம்மி அறிவித்துக்கொள்ளும் வசனம், கேலிக்காகவும் கொண்டாட்டத்துக்காகவும் ஒரே வேகத்தில் பரவியது. அப்போது அது வேடிக்கையாகவே கடந்துபோயிற்று.

2023இல் அப்படிக் கடக்க முடியவில்லை. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ ஜூன் 29 அன்று திரையரங்குகளுக்கும், ஜூலை இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்தது. பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்பவனும், தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் தன் எதிரே நாற்காலியில் அமர்வதைப் பொறுக்காதவனுமான ரத்தினவேலு, சில நாட்களில் சமூக ஊடகங்களில் நாயகனானான். அவனது நடையையும் பார்வையையும் வெட்டியெடுத்துத் தத்தம் சாதிப் பெருமைப் பாடல்களோடு ஒட்டினார்கள். ஒரு சாதியினர் மட்டுமல்ல, ஒன்றுக்கொன்று போட்டியிடும் பல சாதியினரும் அவனைத் தம்மவன் என்றார்கள். ஆலப்புழையில் பிறந்த ஒரு மலையாளி முஸ்லிம், தமிழ்ச் சாதிப் பெருமிதத்தின் முகமானார். அபத்தம்தான், ஆனால் ஆராய வேண்டிய அபத்தம்.

குற்றம் இயக்குநருடையது, எதிர்நாயகனுக்கு அத்தனை கம்பீரம் தந்திருக்கக் கூடாது என்றனர் சிலர். அது பாதி உண்மை. எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியன் காட்டியதுபோல, அங்கே வேடமும் மனிதரும் ஒன்றாக்கப்பட்டிருந்தன. மீண்டும் மீண்டும் ஒரே வகை நல்லவனாக நடித்ததால் அந்தப் பிம்பத்துக்குள் வேறு பொருள் நுழைய வழியில்லை. நம்பியாரும் வீரப்பாவும் மறுபக்கத்தில் அதே உறுதியோடு நின்றார்கள். ஃபகத் ஃபாசிலிடம் அத்தகைய நிலைத்த பிம்பம் இல்லை. எல்லாமாகவும் ஆகக்கூடிய முகம், பூட்டப்படாத வீடு. பன்முகத்தன்மை என்று பாராட்டப்படும் அதே குணம், யார் வேண்டுமானாலும் வந்து குடியேற வசதி செய்துவிட்டது.

‘ஆவேசம்’ வெளிவந்த 2024இல், திரையரங்கை விட்டு வெளியேறிய பின் நடிகர்களைப் பற்றி மக்கள் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் அவர் ஒரு நேர்காணலில் கருத்துத் தெரிவித்தார். அடக்கமான, மதிக்கத்தக்க கருத்து. எனினும் ரத்தினவேலு திரையரங்கோடு நிற்கவில்லை. ஓடிடி வழியாகக் கைப்பேசிக்குள் வந்த பிறகே அவன் வளர்ந்தான். அந்நடிகரை உண்மையாகவே ரசிப்பவர்கள் பேசாமல் இருந்தால், பேசுவதற்கு மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அப்படிப் பேசும்போது, பரவிய அந்தத் துணுக்குகளில் எவை விடுபட்டன என்பதிலிருந்து தொடங்கலாம். நடை இருந்தது, மீசை இருந்தது, நாற்காலி இருந்தது. அடிபட்டுச் செத்த நாயும், தேர்தலில் வென்று இறுதியில் சபாநாயகராகும் மாமன்னனும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை.