முதுமை மேடைக்குத் தடையல்ல

வயதான ஹெவி மெட்டல் குழுக்கள் மீண்டும் மேடையேறுவது பழைய பெயரைக் காசாக்கும் வேலை என்ற சென்ற இதழ்க் கட்டுரையின் கருத்தை ஏற்பதற்கில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த பிளாக் சபாத் குழுவின் கடைசி நிகழ்ச்சியே அதற்குப் பதில். ஆஸி ஆஸ்பர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் நால்வரும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு, தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே ஒன்றாக வாசித்தார்கள். வருமானம் பார்கின்சன் நோய் ஆராய்ச்சி, குழந்தைகள் மருத்துவமனை போன்றவற்றுக்கு என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

எழுந்து நிற்கவே முடியாதவர் ஏன் பாட வேண்டும் என்று கேட்கலாம். பார்கின்சன் நோயால் ஆஸி உட்கார்ந்துதான் பாடினார். ஆனால் உடல் தந்த தடையை மீறிப் பிறந்ததுதான் இந்த இசை. உலோகத் தகடு தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்த கிதார் கலைஞர் அயோமி, பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பின்னர் சுருதியையும் இறக்கினார். குழுவின் கனத்த ஒலிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பிசிறில்லாத குரலைக் கேட்க இசைத்தட்டு போதும். நால்வரையும் சேர்ந்து பார்க்கவும் கூடவே பாடவும் மேடைதான் வேண்டும். நிகழ்ச்சி முடிந்த 17ஆம் நாள் ஆஸி மறைந்தார். தயங்கியிருந்தால் அந்த வாய்ப்பே இருந்திருக்காது.

இனி இத்தகைய நிகழ்ச்சிகளை மதிப்பிடும்போது வயதோடு நிறுத்தாமல், அந்த இசை உருவான வரலாற்றையும் எழுதச் செய்யுங்கள். ஹெவி மெட்டல் பற்றி ஒரு தொடரே வெளியிடலாம்.

- ஒரு வாசகர்