காலிக் கோட்டையில் குடியிருப்போர் யார்?

காலிக் கோட்டையைக் காப்பாற்றியாகிவிட்டது என்று கொழும்பிலே கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். 1988 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1994 இல் அதற்கெனவே சட்டம் இயற்றி ஒரு மரபுரிமை மன்றமும் அமைத்தார்கள். உள்ளே எவரும் அடுக்குமாடி எழுப்பிவிடவில்லை. ஓடுகள் ஓடுகளாகவே இருக்கின்றன. எல்லாம் சரி. அந்த ஓடுகளின் கீழே இரவில் யார் உறங்குகிறார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

போர்த்துக்கேயரிடமிருந்து 1640 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரிவாக்கிய நகரம் இது. வீட்டு முகப்பு ஒடுக்கம், உட்புறமோ நீளம். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும். தெருவோரம் தூண் வைத்த விறாந்தை, நடுவே வானம் பார்த்த முற்றம், அப்பால் அறைகள், சமையற்கட்டு. பக்கச் சுவரில் யன்னல் வைக்க வழியில்லாத வீட்டுக்கு முற்றமே மூச்சு. ஒரு மாடியும் இரு மாடியுமாகத் தாழ்ந்திருந்துகொண்டே இத்தனை குடும்பங்களைத் தாங்கியது இந்த அமைப்பினாலேயே. நிலத்தடிக் கழிவுக் கால்வாய்களைக் கடலின் ஏற்றவற்றமே கழுவிச் செல்லும்படி ஒல்லாந்தர் அமைத்ததும் நெருங்கி வாழ்ந்த குடிகளுக்காகவே.

இன்று பெட்லர் வீதி எனப்படுவதை அவர்கள் சோனக வணிகரின் பெயராலேயே அழைத்தனர். எழுபதுகளில் செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருக்கும் பெரியவர்கள் "எங்க இருந்து வாறீங்க, மகன்?" என்று கேளாமல் விடமாட்டார்கள். அப்படி அழைத்துத் தேநீர் தந்த வீடொன்றைத் தேடிச் சில ஆண்டுகளுக்கு முன் போனேன். அது விடுதியாகியிருந்தது. முற்றத்திலே நீச்சற் குளம். அறை பதிவு செய்திருக்கிறீர்களா என்று வாசலிலேயே ஆங்கிலத்தில் விசாரித்தார்கள்.

மூன்று தலைமுறை வாழ்ந்த அந்த வீட்டில் இப்போது நான்கு அறைகள். முற்றத்தின் பாதிக்குக் கூரை போட்டதால் கட்டடம் பெருத்திருக்கிறது, குடியோ இல்லை. தெருவில் நின்று பார்க்கும் அதிகாரிக்கு உயரமும் முகப்பும் மாறவில்லை. ஆகவே, கோப்பில் எல்லாம் சுபம்!

கோட்டைக்கு வெளியே உள்ள கிறிக்கெற் மைதானத்தின் பார்வையாளர் மண்டபம் மதிலை மறைக்கிறதென்று எத்தனை ஆரவாரம்! 2018 இல் அதனை இடிப்பது பற்றி அமைச்சர் மட்டத்தில் பேசப்பட்டது. அந்தக் கவலையை நான் பழிக்கவில்லை. ஆனால், மதிலுக்கு வெளியே ஒரு மண்டபத்தைக் கண்டு பதறியவர்களின் கண்ணில், உள்ளே வரிசையாக மூடுண்ட முற்றங்கள் ஏன் படவில்லை?

விருப்பப்பட்டு விற்றவர்களைத் தடுக்க நீ யார் என்று கேட்பார்கள். விற்றவர்களை நான் குறை கூறமாட்டேன். ஒழுகும் கூரையை மரபு விதிப்படி புதுக்குவதற்குச் சாதாரணக் குடும்பத்தால் இயலாது. 2002 இல் வெளிநாட்டவருக்கான காணி வரியை நீக்கியதும் விலை ஏறியது. 2004 இல் நூறு வீத வரியை மீண்டும் விதித்தார்கள். 2014 இல் தடைச்சட்டமே கொண்டுவந்தார்கள். அதற்குள் பல உறுதிகள் கைமாறிவிட்டன. கொழும்புச் செல்வந்தரும் சும்மா இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடலைத் தடுத்த மதிலால் இதனைத் தடுக்க முடியவில்லை.

இனியாவது மாடிகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு காணியிலும் எவ்வளவு நிலம் வானம் பார்க்க விடப்பட்டிருக்கிறதென்பதை அளந்து, அதனை மூடுவதைத் தடை செய்யட்டும். ஒரு தெருவில் இத்தனை விடுதிகளுக்கு மேல் அனுமதியில்லை என வரையறுக்கட்டும். விடுதிகளிடம் அறவிடும் பணத்தில் ஒரு பங்கை, எஞ்சியிருக்கும் குடும்பங்களின் கூரைகளுக்குக் கொடுக்கட்டும். அனுமதி விண்ணப்பத்தில் ஒரேயொரு கேள்வியும் சேரட்டும்: இந்த வீட்டில் ஆண்டு முழுவதும் வசிப்பவர் எத்தனை பேர்?