விதியா? மதியீனமா?

கல்பனா சாவ்லா விண்வெளியிலிருந்து திரும்புகையில் மாண்ட கதையைப் பேசும்போதெல்லாம், நம்மில் படித்தவர்கள் என்பவர்கள்கூட “எல்லாம் விதி” என்று பெருமூச்சு விடுகிறார்கள். இது இறந்தவர்க்குச் செய்யும் மரியாதையல்ல. குற்றத்தை மூடும் திரை என்பதே நமது அபிப்பிராயம்.

விஷயத்தைப் பார்ப்போம். ஒருமுறை பறந்ததும் கழித்துவிடாமல் மீண்டும் மீண்டும் ஆட்களை ஏற்றிச் செல்லத்தக்க விண்வெளி ஓடத்தை அமெரிக்க நாசா 1981ல் பறக்கவிட்டது. 2011க்குள் 135 பயணங்கள் நடந்தன. விண்வெளி சென்ற ஐந்து ஓடங்களில் இரண்டு, தலா ஏழு பேரோடு அழிந்தன.

1986 ஜனவரி 28ந் தேதி சாலஞ்சர் கிளம்பிய 73 வினாடியில் சிதறிற்று. பக்க ராக்கெட்டின் மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனதே காரணம். அவ்வளையம் அரிக்கப்படுவது முந்திய பயணங்களிலேயே தெரிந்த சங்கதி. “இக்குளிரில் கிளப்பாதீர்கள்” என்று ராக்கெட் செய்த கம்பெனியின் எஞ்சினீயர்கள் முந்திய இரவே வாதாடினார்கள். அதிகாரிகள் கேட்டார்களா?

2003ல் கொலம்பியா கிளம்புகையில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்கட்டி இடது இறக்கையைத் தாக்கிற்று. நுரை பெயர்வதும் பழைய சங்கதியே. இறக்கையைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டுமென எஞ்சினீயர்கள் விரும்பியும் மேலிடம் இணங்கவில்லை. பிப்ரவரி 1ந் தேதி திரும்புகையில், அடிபட்ட இடத்தின் வழியே அனல் புகுந்து ஓடம் சிதறிற்று. அதில்தான் கல்பனாவும் மாண்டார்.

இரண்டு முறையும் அதிகாரிகள் நம்பியது என்ன? “நேற்றுப் பத்திரமாகத் திரும்பிற்று, ஆகவே இன்றும் திரும்பும்” என்பதுதானே? பொத்தல் ஓடம் நேற்றுக் கரைசேர்ந்ததால் பொத்தலே இல்லையென்று ஆகிவிடுமா? பூனை குறுக்கே வந்தால் காரியம் கெடும் என்பவனின் புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

சாலஞ்சர் விசாரணைக் குழுவில் இருந்த ஃபெயின்மன் என்ற விஞ்ஞானி, ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டி நீரில் முக்கி, அது விறைப்பதைச் சபையிலேயே காட்டினார். ஓடம் அழியும் அபாயம் லட்சத்தில் ஒன்று என்று அதிகாரிகளும், நூற்றில் ஒன்று என்று எஞ்சினீயர்களும் மதிப்பிட்டிருந்ததையும் வெளியிட்டார். முடிவில் நடந்ததோ 135ல் இரண்டு! யார் கணக்கு மெய் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

பறந்து திரும்பிய கலத்தையே ஆட்களோடு மறுபடி பறக்கவிடும் வேலை டிராகன் கலங்களால் 2021 முதல் மீண்டும் நடந்து வருகிறது. நல்ல காரியமே. ஆனால் திரும்பிவந்த கலத்தின் காயங்கள்தாம் சாட்சி. அது திரும்பிவந்தது என்பது மட்டும் சாட்சியாகாது. சாட்சியைக் கேளாமல் பதவியின் பேச்சைக் கேட்டு ஆட்களை ஏற்றுவார்களானால், அடுத்த சாவுக்கும் விதியையா குற்றஞ்சாட்டப் போகிறோம்?